டாங்கியின் இடது கன்னத்தில் ஒரு வட்டம்

போன மாதம் எங்கள் அச்சக முதலாளி சைலஜா மேடம் போன் செய்து, புது மெஷின் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். பெங்களூர் ஈஜிபுராவிலிருந்து பஸ் மாறி ஸ்ரீராம்புரம் போய்ப் பார்த்தேன். ஒரு சாப்பாட்டு மேசை அளவுதான் இருக்கிறது. கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டால் வெள்ளை உட்பட எல்லா நிறமும் ஒரே ஓட்டத்தில் அச்சாகி வெளியே வருகிறது. நாங்கள் நாலு பேர் நாள் கணக்கில் செய்த வேலையை அது ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் செய்துவிடுகிறது.

மெஷினை ஓட்டும் பெண், “அங்கிள், அப்ப நீங்கள்லாம் முழு நாளும் என்னதான் பண்ணிட்டு இருந்தீங்க?” என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். மெஷின் நல்ல மெஷின். அதன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இருபது வருஷம் முன்னால் வந்திருந்தால் என் தோள்பட்டை இன்னும் ஒழுங்காக இருந்திருக்கும். ஆனால் அவள் கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் சொல்ல வரவில்லை. பிளாஸ்டிக் மாடல் கட்டுகிறவர்கள் நடத்தும் பத்திரிகைக்கு எழுதிக் கொடுங்கள் என்று மேடமும் சொன்னார். அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அச்சடித்தது டெக்கால். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி உள்ளங்கை அளவுக்கு ராணுவ டாங்கி கட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கட்டி, பெயிண்ட் அடித்த பிறகு அதன் மேல் எண், பெயர், படைப்பிரிவின் சின்னம் எல்லாம் வர வேண்டும். அரிசி அளவு எழுத்தைக் கையால் எழுத முடியாது. அதற்குத்தான் டெக்கால் தாள். வெட்டித் தண்ணீரில் போட்டால் அடியில் உள்ள பசை கரைந்து, அச்சு ஒரு மெல்லிய தோல் மாதிரி நழுவி வரும். அதை டாங்கியின் மேல் நகர்த்தி வைத்துத் தண்ணீரை ஒற்றி எடுத்துவிட வேண்டும். ஸ்டிக்கர் என்று சொன்னால் மாடல்காரர்களுக்குக் கோபம் வரும்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் நான் எங்கும் நிலைத்தவன் இல்லை. வீட்டில் அடி வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போவதைவிட லாரியில் ஏறுவது சுலபமாக இருந்தது. கிளீனராக ஹூப்ளி வரை போனேன். நம்பர் பிளேட் எழுதுகிறவர் ஒருவரிடம் தூரிகை பிடிக்கக் கற்றேன். பிறகு பல்லாரி, சேலம், வேலூர் என்று போன ஊரிலெல்லாம் கடைப் பலகை எழுதினேன். வேலை இருந்த இடத்தில் சாப்பாடு இருந்தது, இல்லாத இடத்தில் இல்லை. ஒரு மஞ்சள் காமாலை வந்து வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். தேறியதும் பெங்களூருக்கே திரும்பினேன். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஒரு சின்ன அச்சகத்தில் ஸ்கிரீன் கழுவ ஆள் வேண்டும் என்றார்கள். ஒரு மாதம் இருக்கலாம் என்று சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். ஏன் என்று எனக்கே இன்றுவரை சரியாகத் தெரியாது.

அச்சகம் சைலஜா மேடத்தின் அப்பா தொடங்கியது. டெக்கால் வேலையை உள்ளே கொண்டுவந்தவர் பிரான்சிஸ் சார். ஒரு தொழிற்சாலையில் வரைபடம் போடும் வேலை பார்த்துவிட்டு வந்தவர். விவேக் நகரில் வீடு. தேவாலயத்துக்குப் போய்விட்டு நேராக வேலைக்கு வருவார், சட்டை மடிப்பு கலையாமல் இருக்கும். ஓவியம், ஆராய்ச்சி, எந்த வண்டிக்கு எந்தச் சின்னம் என்கிற முடிவு எல்லாம் அவருடையது. அச்சடிப்பது நான்.

அச்சு இப்படி நடக்கும். பசை பூசிய தாளை மேசையில் பொருத்தி, முதலில் வெள்ளை. ஏனென்றால் பச்சை டாங்கியின் மேல் சிவப்பை நேராக வைத்தால் அது சிவப்பாகத் தெரியாது, காய்ந்த ரத்தம் மாதிரித் தெரியும். அடியில் வெள்ளை இருந்தால்தான் நிறம் நிறமாக இருக்கும். நைலான் துணி கட்டிய ஸ்கிரீனில் மையை ஊற்றி ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. நடுவில் கை தயங்கினால் அந்த இடத்தில் மை தடிக்கும். தடித்த மை மாடலில் மேடாகத் தெரியும். காய்ந்த பிறகு சிவப்பு, பிறகு கருப்பு. ஒவ்வொன்றும் முந்தியதன் மேல் மயிரிழை விலகாமல் உட்கார வேண்டும். கடைசியாக எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் தெளிவான வார்னிஷ். மதியம் பெங்களூர் மழை பிடித்துக்கொண்டால் தாள் ஈரம் குடித்து அப்பளம் மாதிரிச் சுருளும். அன்று வேலையை மூடிவிட்டுக் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்போம்.

சார் ப்ரூஃப் பார்க்கும் விதம் வேறு. தாளைத் தலைகீழாக வைத்துத்தான் பார்ப்பார். நேராக வைத்தால் கண் படிக்க ஆரம்பித்துவிடும், படிக்கிற கண்ணுக்குத் தப்பு தெரியாது என்பார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு மூலையிலிருந்து மூலைக்கு மெதுவாகப் போவார். தப்பு கண்டுபிடித்தால் சத்தம் போடமாட்டார். அந்தத் துண்டை வெட்டித் தண்ணீரில் நனைத்து, யாருடைய தப்போ அவருடைய டீ கிளாஸில் ஒட்டிவிடுவார். சாயங்காலம் வரை அதில்தான் குடிக்க வேண்டும்.

ஒரு தடவை மூன்று என்ற எண்ணின் வாலில் மை இழுத்திருந்தது. கிளாஸைப் பார்த்துவிட்டு, “சார், இது கண்ணுக்கே தெரியல” என்றேன்.

“இப்ப தெரியுதா?”

“கிளாஸ்ல தெரியுது.”

“அப்ப குடி.”

என் கிளாஸ் பல நாள் ஒரு படைப்பிரிவே மாதிரி இருந்தது.

அவரிடம் இன்னொரு சட்டமும் இருந்தது. ஒரு சின்னம் தாளில் ஏற வேண்டுமென்றால் அதற்குப் புகைப்படம் வேண்டும். புத்தகத்தில் எழுதியிருக்கிறது, ஓய்வுபெற்ற கர்னல் சொன்னார் என்பதெல்லாம் செல்லாது. “மனுஷன் ஞாபகம் நல்ல மனசோடயே பொய் சொல்லும்” என்பார்.

எங்கள் டாங்கித் தாள்களில் பெரும்பகுதியை ஐரோப்பாவில் இருந்த ஒரு வியாபாரி வாங்கினார். அவருடைய மின்னஞ்சல்களை மேடம் படித்துக் காட்டுவார். நல்லவர்தான், ஆனால் தப்பு என்றால் விடமாட்டார். ஒரு தாளில் ஓடும் காளை ஒன்று படைச்சின்னமாக வந்தது. டாங்கியின் எந்தப் பக்கம் பார்த்தாலும் காளை முன்பக்கம் நோக்கி ஓட வேண்டும். அதனால் இடதுக்கு ஒரு காளை, வலதுக்கு அதன் கண்ணாடி உருவம். ஸ்கிரீன் தயாரிக்க எடுத்த எங்கள் ஃபிலிமில் இரண்டும் ஒரே திசையில் இருந்தன. சார் பார்த்தார், மேடம் பார்த்தார், நான் பார்த்தேன். மூன்று பேருக்கும் தெரியவில்லை. தாள் வெளியே போய்விட்டது. வாங்கியவர்களின் டாங்கியில் ஒரு பக்கம் காளை எதிரியைப் பார்த்து ஓடியது, மறுபக்கம் எதிரியைப் பார்த்துப் பயந்து ஓடியது. வியாபாரி எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார். இன்னொரு தாள் இப்படித் தப்பாக வந்தால் உங்களிடம் வாங்குவதை நிறுத்திவிடுவேன் என்று எழுதினார்.

அவர் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். மீதி இருப்பது கல்யாணப் பத்திரிகை. அதற்கு மேடமும் ஒரு ஆளும் போதும். சாரும் நானும் மற்ற இரண்டு பேரும் வேறு வேலை தேட வேண்டும். எனக்கு அது புதிதில்லை. சாருக்கு அந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள்?

அந்த நிலையில்தான் அடுத்த தாள் எங்கள் கையில் வந்தது.

ஒரு போரில் எதிரிகளிடமிருந்து பிடித்துக் கொண்டுவந்த டாங்கி அது. அந்தப் போர் முடிந்தபின் இப்படிப்பட்ட டாங்கிகளைப் பல ஊர்களில் மேடை கட்டி நிறுத்தினார்கள். இந்த வண்டிக்குப் போர்க்காலப் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முன்னாலிருந்தும் வலப்பக்கமிருந்தும் எடுத்தது. எண் தெளிவாகத் தெரிந்தது. இடப்பக்கம் யாருக்கும் தெரியாமல் இருந்தது. பிறகு வியாபாரி ஒரு கலர் படத்தைத் தேடிப் பிடித்து அனுப்பினார். ஒரு வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி எப்போதோ இங்கே வந்தபோது எடுத்தது. டாங்கி மேடைமேல் நிற்கிறது. டரெட் என்று சொல்லும், பீரங்கியோடு சுழலும் மேல்பகுதியின் இடது பக்கத்தில் ஒரு கருப்பு வட்டம்.

சாருக்கு அன்று வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தப் படைகளில் முதல் அணிக்கு முக்கோணம், அடுத்ததற்குச் சதுரம், மூன்றாவதற்கு வட்டம் என்று அடையாளம் போடும் வழக்கம் உண்டாம். அப்படியானால் இது மூன்றாவது அணியின் வண்டி. இதை இதுவரை ஒருவரும் அச்சடித்ததில்லை. வியாபாரி அந்த வட்டத்தை வைத்தே விளம்பரம் கொடுத்துவிட்டார். இடதில் இருந்தால் வலதிலும் இருக்கும் என்று சார் இரண்டு வட்டம் வரைந்தார்.

ஃபிலிம் என் மேசைக்கு வந்தது, கூடவே அந்தக் கலர் படமும். நான் வட்டத்தைப் பார்க்கவில்லை. மேடையின் இரண்டு மூலையிலும் இருந்த சிமெண்டுச் சிங்கங்களைத்தான் பார்த்தேன். ஒன்றுக்கு மூக்கு உடைந்திருந்தது. அந்தச் சிங்கத்தின் மேல் உட்கார்ந்து நான் பொட்டலச் சோறு சாப்பிட்டிருக்கிறேன்.

படத்தை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன்.

“சார், இது அணி வட்டம் இல்ல.”

“பின்ன?”

“திருஷ்டிப் பொட்டு.”

சார் பூதக்கண்ணாடியைக் கழற்றினார். “யார் சொன்னது?”

“நான்தான் சார் வெச்சேன். சேலம் போற வழியில அந்த ஊர்ல ஒரு சலூனுக்குப் பலகை எழுதிட்டு இருந்தேன். காண்ட்ராக்டர் ஒருத்தர் வந்து, சுதந்திர தினத்துக்கு டேங்குக்குப் பச்சை அடிக்கணும், வரியான்னு கூட்டிட்டுப் போனாரு. அடிச்சு முடிச்சப்ப, பக்கத்துல இளநி விக்கிற அம்மா, புதுசா பளபளன்னு இருக்கு, கன்னத்துல ஒரு பொட்டு வெய்யின்னாங்க. இடம்கூட அவங்கதான் குச்சியால காட்டுனாங்க. வெச்சேன். வலது பக்கம் கிடையாது சார். எந்தக் குழந்தைக்கு ரெண்டு கன்னத்துலயும் வெப்பாங்க?”

அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “நீ வெச்சதுக்குப் போட்டோ இருக்கா?”

“இல்ல சார்.”

“போட்டோ இல்லேன்னா நீ அங்க இல்ல, மணி.”

கோபமாகச் சொல்லவில்லை. அது அவர் சட்டம். கர்னலுக்குச் செல்லாதது எனக்கு மட்டும் எப்படிச் செல்லும்? அதுவும் இல்லாமல், நான் பொட்டு வைப்பதற்கு முன்பே பழைய பச்சைக்கு அடியில் அங்கே ஒரு நிஜ வட்டம் இருந்திருக்கலாம் என்றார். அந்த அம்மாள் அதைப் பார்த்தே அந்த இடத்தைக் காட்டியிருக்கலாம். “இருந்ததா இல்லையா?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது. நான் போனபோது அங்கே தடித்த பழைய பெயிண்ட்தான் இருந்தது. வெறும் தகடு என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மேடத்திடம் சொன்னோம். அவர் வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். கவலைப்பட்டால் இரண்டும் சேர்ந்து வரும்.

“அய்யோ தேவரே! மணியண்ணா, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? அந்தாளு விளம்பரமே போட்டுட்டான். வட்டம் இல்லாம அனுப்பினா தப்பும்பான். வட்டத்தோட அனுப்பி, நாளைக்கு யாராவது பொட்டுன்னு கண்டுபிடிச்சா அதுவும் நம்ம தப்பு. ரெண்டு பக்கமும் கதவு மூடிடுச்சு, நோடி.”

“போய்ப் பாத்துட்டு வரோம்” என்றார் சார்.

“போங்க. ஆனா திரும்பி வந்து எனக்கு ஒரே பதில் சொல்லணும். உண்டா, இல்லையா. நடுவுல ஒண்ணும் வேண்டாம்.”

ஊர்ப் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். காலை பஸ்ஸில் கிளம்பினோம். சார் ஒரு பையில் உப்புத்தாள், பிளேடு, கேமரா, ஸ்கேல் எல்லாம் வைத்திருந்தார். அவர் மனைவி கொடுத்தனுப்பிய சித்ரான்னத்தை வழியில் பாதிப் பாதி சாப்பிட்டோம். டாங்கியைப் பற்றி அவர் பேசவே இல்லை. பல்லாரியில் வெயில் எப்படி, லாரியில் எங்கே படுத்துத் தூங்குவாய் என்றெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். ஊர் வரும் சமயத்தில் மட்டும், “நீ சொல்றத நான் நம்பறேன் மணி. ஆனா நான் நம்பறத எல்லாம் தாள்ல அச்சடிக்க முடியாது” என்றார்.

டாங்கி அங்கேயே இருந்தது. சுற்றிக் கம்பி வேலி வந்திருந்தது, பஸ் நிலையம் பெரிதாகியிருந்தது. மூக்கில்லாத சிங்கத்துக்கு யாரோ புது மூக்கு வைத்திருந்தார்கள், பழையதே தேவலை. பொட்டும் இருந்தது, ஆனால் வளர்ந்திருந்தது. நான் வைத்தது பழைய ஒரு ரூபாய் அளவு. இப்போது ஒரு சாஸர் அளவு.

நிழலில் இளநீர்க் குவியலுக்குப் பக்கத்தில் அதே அம்மாள். தலை முழுக்க நரைத்து, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்ததாம். இரண்டு இளநீர் வாங்கிக்கொண்டு, “அம்மா, என்னத் தெரியுதா? ரொம்ப வருஷம் முன்னாடி இந்த டேங்குக்கு நான்தான் பெயிண்ட் அடிச்சேன்” என்றேன்.

“எத்தினியோ பேரு அடிச்சானுங்க. உன்ன எங்க நான் ஞாபகம் வெக்கறது?”

சார் என்னைப் பார்த்தார். நான் விடவில்லை. “இந்தப் பொட்டு வெக்கச் சொன்னது நீங்கதானே?”

“ஆமா. அடிக்கிறவன் ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லுவேன். பச்சைய அடிச்சு பொட்ட மறைச்சுட்டுப் போயிடுவானுங்க. மறுபடியும் வெய்யிடான்னு நிப்பேன். இப்ப வரவனுங்களாவது நல்ல பெயிண்ட் வெக்கறானுங்க. மொத மொத ஒருத்தன் வெச்சான் பாரு, பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்கு அடிக்கிற பெயிண்ட எடுத்து. பளபளப்பே இல்ல, ஒரே வெயில்ல வெளுத்துப் போச்சு. பேமானி.”

என் முகம் போன போக்கைப் பார்த்து, சார் இளநீரை வாயில் வைத்தபடி சிரித்துவிட்டார். புரையேறி இருமினார். அந்தக் கரும்பலகைப் பெயிண்ட், அதற்கு முந்தின வாரம் ஒரு பள்ளியில் வேலை செய்தபோது மிஞ்சியது. கையில் இருந்த ஒரே கருப்பு அதுதான்.

“ஏம்மா அந்த இடத்துல?” என்று சார் கேட்டார். “வேற எங்கயாவது வெச்சிருக்கலாமே?”

“வேற எங்க வெக்கறது? ஓட்டை அங்கதானே இருந்துச்சு.”

எனக்குப் புரியவில்லை. சாருக்குப் புரிந்துவிட்டது. இளநீரைக் கீழே வைத்தார்.

“இத கொணாந்து எறக்கனப்ப நான் கல்யாணம் ஆகி வந்த புதுசு. விரல் போற அளவுக்கு ஓட்டை. வரவன் போறவன்லாம் அதுல விரல விட்டுப் பாப்பான். இந்த வழியாத்தான் குண்டு போச்சு, உள்ள ஆளு செத்தான்னு கதை சொல்லுவான். அப்புறம் குளவி கூடு கட்டிச்சு, ஒரு பையனக் கொட்டி மூஞ்சி வீங்கிப்போச்சு. சிமெண்ட் வெச்சு அடைச்சுட்டாங்க. அடைச்சும் என்ன? அந்த எடத்தையே கைய நீட்டிக் காட்டிக்கினு நிப்பானுங்க. செத்தவனையும் வுடமாட்டானுங்களான்னு இருந்துச்சு. பொட்டு வெச்சா கண்ணு பொட்டுல போயிடும்ல? அதான்.”

 சார் பையைத் திறந்தார். அந்த வட்டத்தின் நடுவில் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கலாமா, திரும்ப அடித்துக் கொடுத்துவிடுகிறோம் என்று அந்த அம்மாளையே கேட்டார். காவலாளி ஒருவர் எழுந்து வந்தார். “நீ போய் டீ குடி, நான் பாத்துக்கறேன்” என்று அவரை அனுப்பிவிட்டார் அந்த அம்மாள்.

மேடையில் ஏறிப் பொட்டின் நடுவில் உப்புத்தாளைத் தேய்த்தேன். கருப்பு போனது, பச்சை வந்தது. பச்சை போனது, கருப்பு. அதற்குக் கீழே இன்னொரு பச்சை, இன்னொரு கருப்பு. ஒவ்வொரு பூச்சு வந்ததும் சார் நிறுத்தச் சொல்லி, பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்தார். கடைசிக் கருப்பு மங்கலாக, பளபளப்பில்லாமல், சொரசொரவென்று இருந்தது. அதன் விளிம்பு பழைய ஒரு ரூபாய் அளவோடு நின்றது. சார் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“சரி மணி. நீ இங்க இருந்திருக்க.”

அதற்குக் கீழே பழைய பச்சை. அதற்கும் கீழே வேறு வட்டமோ நிறமோ எதுவுமில்லை. சிமெண்ட்தான் இருந்தது. பிளேடு முனையால் குத்தியதும் பொடியாக உதிர்ந்தது. உள்ளே துளையின் ஓரம் தெரிந்தது. துளையிடும் கருவி போட்டால் வரும் ஓரம் இல்லை அது. இரும்பு மெழுகு மாதிரி உருகி, உள்பக்கமாக வழிந்து, அப்படியே உறைந்திருந்தது. நான் சின்ன வயதில் அதன் மேல் சாய்ந்து பீடி குடித்திருக்கிறேன்.

சார் அதையும் படம் எடுத்தார். அவர் விரலை விட்டுப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

கடைத்தெருவில் பிளம்பர்கள் வைக்கும் களிம்பும், சின்ன டப்பாவில் பச்சையும் கருப்பும் வாங்கி வந்து அடைத்து அடித்தேன். காய்வதற்கு இரண்டு மணி நேரம் போல ஆனது. அந்த அம்மாள் கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். “இன்னும் கொஞ்சம் பெருசா வெய்யி. இதுலயும் கஞ்சத்தனமா?” என்றார். சாஸர் அளவுக்கே வைத்தேன். கடைசிவரை என்னை அவருக்கு ஞாபகம் வரவில்லை.

மறுநாள் மேடம் காத்துக்கொண்டிருந்தார். “ஏனு சார், உண்டா இல்லையா?”

“வட்டம் இல்லம்மா. தாள்ல வட்டம் வராது.”

“அப்ப அந்த எடத்துல என்ன?”

“ஓட்டை.”

“ஓட்டைய எப்படி சார் அச்சடிப்பீங்க?”

“அச்சடிக்க வேண்டாம். குறிப்புல எழுதுவோம். இந்த இடத்தில் எதையும் ஒட்ட வேண்டாம், இருப்பதிலேயே மெல்லிய ஊசியால் ஒரு துளை போடவும்.”

மேடம் தலையில் கை வைத்தார். “டெக்கால் கம்பெனி நாம. வாங்கறவன்கிட்ட ஒட்டாதே, ஓட்டை போடுன்னு சொல்லப் போறோம். நல்லா இருக்கு.” ஆனால் தடுக்கவில்லை. பூச்சுப் படங்களையும் துளையின் படத்தையும் சேர்த்து அவரே வியாபாரிக்கு அனுப்பினார். அந்த அம்மாள் சொன்னதை சார் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதி அதையும் சேர்த்தார். அது ஞாபகம்தானே, செல்லுமா என்று நான் கேட்டேன். “அதுக்கு இப்ப போட்டோ இருக்கு” என்றார் சார்.

முதல் பதில் கோபமாக வந்தது. என் வாடிக்கையாளர்கள் அந்த வட்டத்துக்காகக் காத்திருக்கிறார்கள், நான் அவர்களிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தார். பிறகு பதிலே இல்லை. ஸ்கிரீன்களை எடுத்து ஓரம் வைத்தோம். மூன்று கல்யாணப் பத்திரிகையும் ஒரு காதுகுத்துப் பத்திரிகையும் அச்சடித்தோம். அந்த நாட்களில் சார் ப்ரூஃபை நேராகவே வைத்துப் பார்த்தார். மணமகன் பெயர் தப்பாக இருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன். அவர் கிளாஸில் ஒட்டலாமா என்று நினைத்தேன், மனம் வரவில்லை. மற்ற இரண்டு பேரில் ஒருவர் ராஜாஜிநகரில் வேலை விசாரித்துவிட்டு வந்தார்.

பிறகு வியாபாரி எழுதினார். படங்களைத் தனக்குத் தெரிந்த நிபுணர்களிடம் காட்டியிருக்கிறார். துளை உண்மை, வட்டம் போர்க்காலத்தது இல்லை என்று அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். தாளை வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். ஆனால் ஒரு கேள்வி: இன்று மேடையில் நிற்கும் நிலையில் கட்ட விரும்புகிறவர்களுக்காக அந்தப் பொட்டையும் தாளில் சேர்க்க முடியுமா?

“ஒண்ணுதான் சேர்ப்பேன். இடது பக்கத்துக்கு மட்டும்” என்றார் சார்.

அச்சுக்குப் போகும் முன் நாங்களே ஒரு டாங்கி கட்டிப் பார்த்தோம். துளையை நான் போட்டேன். மேலே பொட்டை நனைத்து வைத்ததும் அது துளைக்குள் இறங்கிக் குழியாகிவிட்டது. சார் அதைத் தூரிகையால் தூக்கி எடுத்தார். குறிப்பில் ஒரு வரி கூடியது: போர்க்கால நிலைக்குத் துளையோடு விடவும், மேடை நிலைக்குத் துளையைப் போட்டு, அடைத்து, அதன் பிறகு பொட்டு வைக்கவும். துளை எப்படியும் மறையப்போகிறதே, எதற்குப் போட வேண்டும் என்று மேடம் கேட்டார்.

“அங்க அப்படித்தானே இருக்கு” என்றார் சார்.

அந்தத் தாள்தான் எங்களிடம் அதிகம் போனது. யாரும் வேறு வேலை தேடவில்லை. வாங்கியவர்கள் கட்டி முடித்த டாங்கியைப் படம் எடுத்து வியாபாரிக்கு அனுப்புவார்கள், அவர் எங்களுக்கு அனுப்புவார். கிட்டத்தட்ட எல்லோரும் பொட்டு வைத்திருந்தார்கள். சிலர் மேடையும் கட்டி, சிங்கமும் செய்து வைத்திருந்தார்கள்.

ஒருவருடையதில் பொட்டு இல்லை. துளையை அப்படியே விட்டிருந்தார். மற்றபடி மிகச் சுத்தமான வேலை. அடியில் காற்று சிக்கி ஒரு டெக்கால்கூட வெளுத்துப் பளபளக்கவில்லை. அவர் முகவரி எல்லைக்கு அந்தப் பக்கம், டாங்கியை இழந்த நாட்டில் ஒரு ஊர். வாழ்த்து, வணக்கம் எதுவும் எழுதவில்லை. தாளோடு போன குறிப்பில் அந்த அம்மாள் சொன்னதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். அந்த அம்மாளிடம் நாங்கள் பேசியபோது, உள்ளே இருந்தவரின் பெயர் ஏதாவது சொன்னாரா என்று.

சார் அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். மறுநாள் வந்து மேடத்திடம், “பேரு தெரியாது, அந்த அம்மாவுக்கும் தெரியாதுன்னு எழுதுங்க” என்றார். “பொட்டு இன்னும் இருக்கு, போன வாரம் பெயிண்ட் அடிச்சவங்களும் வெச்சிருக்காங்கன்னும் எழுதுங்க.”

போன வாரம் அடித்ததும் வைத்ததும் உண்மைதானா என்று நான் கேட்டேன். நேற்றே அந்த ஊர்க் காவலாளிக்குப் போன் செய்து, அந்த அம்மாளிடமும் பேசிவிட்டுத்தான் சொல்கிறேன் என்றார். மேடம் அப்படியே எழுதி அனுப்பினார்.